கண்டேன் என்பாரும் காணப்பட்டாரும்

பெரியோர் ஒருவரை எதிர்பாராத இடத்தில் காண நேர்ந்த செய்தியை எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடையே மிகுந்து வருகின்றது. பள்ளி ஆண்டு மலர், கோயில் குடமுழுக்கு மலர், சங்கத்தின் பொன்விழா மலர் என எதனைப் புரட்டினாலும், 'நான் கண்ட' என்று தொடங்கும் கட்டுரை இரண்டேனும் அதில் இருக்கும். இரயில் நிலையத்தில் நடிகரைக் கண்டவர், விமானத்தில் அமைச்சருக்குப் பக்கத்து இருக்கை பெற்றவர், தேநீர்க் கடையில் பாடகரோடு படம் எடுத்துக் கொண்டவர் என்று பலர் எழுதுகின்றனர். படித்து முடித்தபின் நம் கையில் எஞ்சுவது யாது? அவர் எளிமையாக இருந்தார், சிரித்த முகத்துடன் பேசினார், கை குலுக்கினார். இந்த மூன்று செய்தியும் எவர்க்கும் பொருந்தும். ஒரு பெயரை எடுத்துவிட்டு மற்றொரு பெயரை இட்டாலும் கட்டுரையில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டியிராது.

இதனால் இவ்வகை எழுத்தை முழுதும் தள்ளிவிடலாம் என்று கருதுதல் தவறு. நம் இலக்கிய வரலாற்றின் சில திருப்பங்களை நாம் அறிந்திருப்பது இத்தகைய சந்திப்புகளை எழுதி வைத்தவர்களால்தான். ஆகவே நல்லது எது, அல்லது எது என்று பிரித்தறியும் அளவுகோல் ஒன்று வேண்டும். அதனைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் எல்லாரும் அறிந்த ஒன்றை எடுத்துக் கொள்வோம். 1880-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21-ஆம் நாள். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து ஓராண்டும் நிரம்பாத உ. வே. சாமிநாத ஐயர், அவ்வூருக்கு முன்சீபாக மாற்றப்பெற்று வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கின்றார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சொன்னதால் சென்ற மரியாதைச் சந்திப்பு அது. ஐயரவர்களுக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்டவர் என்னும் பெருமிதம் அவர்களுக்கு உண்டு. முதலியார் என்ன படித்தீர் என்று வினவ, ஐயரவர்கள் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று வரிசையாகச் சொல்லிக் கொண்டே போகின்றார்கள். முதலியார் வியக்கவில்லை. இவற்றைப் படித்து என்ன ஆகப் போகிறது என்ற பொருளில் கேட்டுவிட்டு, பழைய நூல்களைப் படித்ததுண்டா என்கின்றார். சிந்தாமணியும் சிலம்பும் மணிமேகலையும் அங்கே பெயரளவில் வந்து நிற்கின்றன. அவற்றை அக்காலத் தமிழ்ப் புலவர் பாடங் கேட்டதில்லை.

அன்று தொடங்கியது 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. பின்னர் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை. இவை பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. என் கருத்தைக் கவர்வது வேறொன்று. 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அப்போது ஐயரவர்கள் எண்பது கடந்தவர்கள். தமிழ்நாடே 'தமிழ்த் தாத்தா' என்று போற்றிய காலம். அறுபது ஆண்டுகட்கு முன் ஒரு முன்சீபின் வீட்டில் தம் கல்வி மதிப்பிழந்து போனதை அவர்கள் மறைத்திருக்கலாம். மறைத்திருந்தால் கேட்பார் எவருமிலர். அவர்களோ தம் ஏமாற்றத்தையும் உள்ளே எழுந்த மனக்குறையையும் ஒன்று விடாமல் எழுதினார்கள். முதலியார் எளிமையாக இருந்தார், இன்முகம் காட்டினார் என்ற பல்லவி அங்கே இல்லை. முதலில் அவர் முகங்கொடுத்தும் பேசவில்லை என்பதே அங்கே இருக்கின்றது.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. அச்சந்திப்பு நிகழ்ந்த நாளில் அவ்விருவருள் எவரும் புகழ்பெற்றவர் அல்லர். ஒருவர் இளம் ஆசிரியர். மற்றவர் இடமாற்றம் பெற்று வந்த அதிகாரி. புகழ் பின்னர் வந்தது. வந்து, பழைய நாளின் மேல் ஒளியைத் திருப்பி வீசிற்று. 'புகழ்பெற்றவரைக் கண்ட கதை' என்று நாம் சொல்வனவற்றுள் சிறந்தவை பலவும் இத்தகையனவே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. முதலியார் கும்பகோணத்துக்கு மாற்றப்படாதிருந்தால் சங்க நூல்கள் அழிந்தே போயிருக்கும் என்று மேடைகளில் முழங்கக் கேட்கின்றோம். இது மிகை. யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை இச்சந்திப்போடு எத்தொடர்பும் இன்றியே பழைய நூல்களை அச்சிட்டு வந்தவர். கலித்தொகையை அவர் வெளியிட்டதும் அதே 1887-இல்தான். சிந்தாமணியைப் பதிப்பிக்கும் எண்ணம் அவருக்கும் இருந்தது என்பதை ஐயரவர்களே எழுதியிருக்கின்றார்கள். ஒரு சந்திப்பின் கதை இனிமையாக இருப்பதால் வரலாறு முழுவதையும் அதன் தலையில் ஏற்றிவிடுதல் கூடாது. தற்செயல் ஒரு கதவைத் திறக்கலாம். கதவுக்கு வெளியே வேறு சிலரும் நடந்து கொண்டுதான் இருந்தனர்.

இனிப் பாரதியாரைப் பற்றிய நினைவுகளுக்கு வருவோம். தமிழில் இவ்வகை எழுத்துக்குப் பெருஞ்சுரங்கம் அவரே. அவர் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். 1921 செப்டம்பரில் சென்னையில் மறைந்தபோது இறுதி ஊர்வலத்தில் உடன் சென்றவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. ஆனால் வ. ரா.வின் 'மகாகவி பாரதியார்' 1944-இலும், கனகலிங்கத்தின் 'என் குருநாதர்' 1947-இலும், யதுகிரி அம்மாளின் 'பாரதி நினைவுகள்' 1954-இலும் நூலாயின. எல்லாம் இருபது முப்பது ஆண்டுகள் கழித்து, கவிஞர் மகாகவி ஆன பின்னர்! நினைவின் மேல் புகழ் படிந்த பிறகு எழுதப்பட்டவற்றில் எது கண்டது, எது பின்னர்க் கருதியது என்று பிரிப்பது திறனாய்வாளன் கடமை.

வ. ரா.வின் நூலில் இரண்டு சந்திப்புகள் உண்டு. முதலாவது, அவரே பாரதியாரை முதன்முதல் கண்டது. வந்த இளைஞர் ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்குகின்றார். கவிஞர் வீட்டிலிருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு, இவரோடு ஆங்கிலத்தில் நீ பேசு என்ற கருத்துப்பட ஏவி விடுகின்றார். படிக்கும் நமக்கே முகம் சுருங்குகின்றது. எழுதியவர் தம் தலைகுனிவை எழுதியதால்தான் பாரதியார் அங்கே உயிரோடு நிற்கின்றார். ஐயரவர்களிடம் கண்ட அதே பண்பு!

இரண்டாவது, மிகவும் புகழ்பெற்றது. 1919-இல் காந்தியடிகள் சென்னையில் இராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருக்க, வாயிலைக் காக்கும் பொறுப்பு வ. ரா.வினுடையது. பாரதியார் காவலைப் பொருட்படுத்தாமல் உள்ளே நுழைகின்றார். காந்தியடிகளின் அருகே போய் அமர்கின்றார். அன்று மாலை கடற்கரையில் தாம் பேசும் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வருமாறு அழைக்கின்றார். அன்று இயலாது, மறுநாளைக்குத் தள்ளி வைக்கலாமா என்ற விடை வந்ததும், தள்ள இயலாது என்று கூறி, தொடங்கவிருக்கும் இயக்கத்துக்குத் தம் ஆசியைச் சொல்லிவிட்டு வெளியேறுகின்றார். வந்தவர் யார் என்று கேட்ட காந்தியடிகள், இவரைப் பாதுகாக்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னதாக வ. ரா. முடிக்கின்றார்.

இக்காட்சியின் முதற்பாதியை நான் ஐயமின்றி நம்புகின்றேன். காவலர் தாம் காவலில் தோற்றதைச் சொல்லுகின்றார். அது இட்டுக்கட்டத் தக்க பெருமை அன்று. பிற்பாதியில் எச்சரிக்கை தேவை. வ. ரா. இதனைப் பிப்ரவரியில் நிகழ்ந்ததாக எழுதினார். காந்தியடிகள் அவ்வாண்டு சென்னைக்கு வந்ததோ மார்ச்சில். திங்கள் மாறியிருப்பதால் செய்தி பொய்யாகிவிடாது. ஆனால் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து எழுதுபவருக்குத் திங்கள் நழுவியிருக்குமானால், சொற்கள் மட்டும் நழுவாமல் இருந்திருக்குமா? பாதுகாக்க வேண்டும் என்னும் அந்த இறுதி வாக்கியம், கவிஞர் வறுமையில் மறைந்த பின்னர்த் தமிழர் நெஞ்சில் எழுந்த குற்றவுணர்ச்சிக்கு மிகப் பொருத்தமாக அமைந்திருக்கின்றது. அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல் பொருந்தும் வாக்கியங்களை நான் சற்றே ஐயுறுவேன்.

காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் அச்சென்னைப் பயணத்தைக் குறிப்பிடுகின்றார். நாடெங்கும் கடையடைத்து நோன்பிருக்கும் எண்ணம் தமக்கு உதித்தது அவ்வீட்டில்தான் என்று எழுதுகின்றார். பாரதியார் வந்து போனது அதில் இல்லை. தமிழர்க்கு ஒரு யுகத்தின் சந்திப்பாகத் தோன்றுவது, மறுபக்கத்தார்க்கு நாள் முழுதும் வந்து போன பலருள் ஒருவர் வந்த நிகழ்ச்சியே. இதில் வருந்த ஒன்றும் இல்லை. ஆனால் சந்திப்பின் அளவை ஒரு பக்கத்திலிருந்தே அளக்கின்றோம் என்பதை மறத்தல் கூடாது.

புதுவையில் வேணு நாயக்கர் திருமணத்தில் கனக சுப்புரத்தினம் என்னும் இளம் ஆசிரியர் பாரதியாரின் பாடலைப் பாடியதும், பாடலுக்குரியவர் அந்தக் கூட்டத்திலேயே அமர்ந்திருந்ததைப் பிறகு அறிந்ததும் பாரதிதாசன் வரலாற்றில் வரும் செய்தி. வீதியில் முன்னரே பார்த்திருந்த அந்த உருவம் இரவிவர்மா படத்துப் பரமசிவத்தை நினைவூட்டியதாகவும் அவர் எழுதினார். பெயர் தெரியுமுன் பதிந்த பதிவு இது. பெயர் தெரிந்தபின் எழுந்த வியப்பைக் காட்டிலும் நான் இதற்கே மிகுந்த மதிப்புத் தருவேன்.

எல்லாவற்றினும் என் உள்ளத்துக்கு நெருங்கியது யதுகிரி அம்மாளின் சிறு நூல். மண்டயம் சீனிவாசாச்சாரியாரின் மகளாகப் புதுவையில் வளர்ந்த அப்பெண்ணுக்குப் பாரதியார் பக்கத்து வீட்டு மாமா போன்றவர். பெரியவர் ஒருவரைக் காண்கின்றோம் என்ற உணர்வே குழந்தைக்கு இராது. ஆகவே எந்தப் பொழுதில் எந்தப் பாட்டுப் பிறந்தது, செல்லம்மாவுக்கு வீட்டுக் கவலை என்ன, பிள்ளைகள் எதற்குச் சிரித்தனர் என்பனவெல்லாம் அங்கே தாமாகவே வருகின்றன. அந்நூல் அச்சானபோது அதனை எழுதியவர் உயிரோடு இல்லை. தம்மைப் பற்றிய புகழுக்காக எழுதவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

நம் மலைக்கு வருவோம். 1967 மார்ச்சு 26-ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் தாம் விருந்தினராகத் தங்கியிருந்த தானா ராத்தா பங்களாவிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவில்லை. காவற்படையினரும் பூர்வகுடியினரும் காடெங்கும் தேடினர். இன்றளவும் தடயம் இல்லை. அன்று பிற்பகல் அவரை வழியில் கண்டதாகச் சொல்லும் கதைகளைக் கேமரன் மலைத் தோட்டங்களில் நான் பலமுறை கேட்டிருக்கின்றேன். ஒருவர் அவர் தொப்பி அணிந்திருந்தார் என்பார். மற்றொருவர் வெறுந்தலை என்பார். தேயிலை கிள்ளிக் கொண்டிருந்தவர்க்கு அன்று அவர் சாலையில் போகும் இன்னொரு வெள்ளைக்காரர், அவ்வளவே. செய்தித்தாளில் படம் வந்த பிறகே அவர் 'காணப்பட்டவர்' ஆனார். இங்கேயும் புகழ் பின்னிருந்தே வந்தது. ஆயின் ஐயரவர்களின் நினைவோடு ஒப்பிடுங்கால் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே சொல்பவர் இழந்தார், பெற்றார், மாறினார். இங்கே சொல்பவர்க்கு எதுவும் நிகழவில்லை.

பெருங்கூட்டத்தில் தலைவரைத் தூரத்தில் நின்று பார்த்ததைச் சந்திப்பு எனலாமா? 1929-இலும் 1954-இலும் பெரியார் மலாயாவுக்கு வந்தார்; 1937-இலும் 1946-இலும் நேரு வந்தார்; 1943-இல் நேதாஜி வந்தார். இவர்களைக் 'கண்டேன்' என்று சொல்லும் முதியோர் தோட்டந்தோறும் இருந்தனர். சிலர் இன்றும் உளர். மலர்க் குழுவினர் அவர்களிடம் போய், எவ்வளவு கிட்டத்தில் பார்த்தீர்கள், உங்களோடு பேசினாரா, படம் இருக்கின்றதா என்று கேட்கின்றனர். கேள்வியே தவறு. அக்கேள்விக்கு ஏற்ற விடையைத்தான் பாட்டிமார் சொல்லுவர்.

தொண்ணூறு வயதை நெருங்கும் மூதாட்டி ஒருவர் எங்கள் மாணவர் சிலரிடம் சொன்னதை இங்குக் குறிக்கின்றேன். 1943-இல் அவருக்கு ஏழெட்டு வயது. சமவெளியில் ஒரு பட்டணத்தில் நேதாஜி பேசிய கூட்டத்துக்குப் பெற்றோரோடு போயிருக்கின்றார். அப்பாவின் தோளில் இருந்தும் ஒன்றும் தெரியவில்லையாம். எங்கும் தலைகள், குடைகள். பேச்சும் விளங்கவில்லை. திரும்பி வரும் வழியில் அம்மாவின் முகம் வேறு மாதிரி இருக்கின்றதே என்று பார்த்தால், காதில் தோடு இல்லை. மறுநாள் ஆயா ஒருத்தி வந்து, துளை தூர்ந்து போகாதிருக்க வேப்பங்குச்சி செருகிவிட்டாளாம். "நான் நேதாஜியைப் பார்க்கலை சாமி, அம்மா காதைத்தான் பார்த்தேன்" என்றார்.

ஒரு விழா மலருக்கு இதனை எழுதி அனுப்பினோம். பாட்டி தலைவரைக் காணவில்லை என்று அவரே சொல்லுவதால் பொருத்தமில்லை என்று திருப்பிவிட்டனர். அதே மலரில் வேறொருவர் ஓர் அமைச்சருடன் கை குலுக்கும் படம் முழுப் பக்கத்தில் வந்தது. பாட்டியின் சொற்களை மாணவர்கள் எழுதிய குறிப்பேடு இப்போது எங்கள் பள்ளி நூலக அலமாரியில், 'மலாயாவும் நேதாஜியும்' என்ற தலைப்பொட்டிய அட்டைக்குள் இருக்கின்றது.