மீகொள்ளளவியும் பாதி இழப்பும்

கொள்ளளவியொன்றை மின்கலத்தோடு தொடுத்து ஏற்றுங்கால், மின்கலம் அளிக்கும் சக்தியிற் பாதியே அதன்கண் சேமிக்கப்படும். மறுபாதி தடையில் வெப்பமாகக் கழியும். தடை பெரிதாயினும் சிறிதாயினும் இவ்விழப்பு மாறுவதில்லை. உயர்தர வகுப்புப் பௌதிகம் இதனை நிறுவிய அளவில் அமைந்துவிடுகின்றது. மாணவரும் அப்பாதி வீணாதலே இயற்கை விதியெனக் கொண்டு அடுத்த பாடத்துக்குச் செல்வர். அம்முடிபு அரைகுறையானது என்பதே எமது துணிபு.

இலங்கையிற் பிறந்து, ஆதர் சி. கிளார்க் நிறுவனத்திற் பணிபுரிந்து, பின் நியூசிலாந்தின் வைக்காத்தோ பல்கலைக்கழகத்தை அடைந்த நிகால் குலரத்ன, பாடநூல் முடித்த இடத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். வெப்பமாகும் அப்பாதியைப் பயன்படு கருவியொன்றினூடு செலுத்தலாகாதா என்பதே அவர் எழுப்பிய வினா.

12 வோல்ற்றை 5 வோல்ற்றாகத் தாழ்த்தும் நேர்முறைச் சீராக்கியைக் கருதுக. அதன் திறன் நூற்றுக்கு 42 ஐக் கடவாது. அதன் முன்னே தொடராக ஒரு மீகொள்ளளவியை வைத்தால், மிகையழுத்தத்தைத் தான் ஏற்றவாறே அது நிரம்பும். நிரப்பும் ஓட்டமே சீராக்கியையும் இயக்கும். பின்னர் வழங்கலைத் துண்டித்து, சேர்ந்த சக்தியாற் சீராக்கி இயக்கப்படும். திறன் ஏறக்குறைய இருமடங்காகும். ஆளிகள் மெதுவாகவே மாறுதலின், விரைவாளிச் சுற்றுகளுக்குரிய மின்னிரைச்சலும் இல்லை.

இதன் சிறப்பை ஒப்புக்கொண்டே குறைகளையும் நோக்குதல் வேண்டும். ஒரு கொள்ளளவியால் இருமடங்குத் திறன் பெறுதற்கு, சீராக்கி வேண்டும் குறைந்த அழுத்தத்தின் இருமடங்குக்கு மேலாக வழங்கழுத்தம் அமைதல் வேண்டும். அன்றியும், மீகொள்ளளவிக் கலமொன்று ஏறத்தாழ 2.7 வோல்ற்றே தாங்கும். மேற்கூறிய சுற்றில் 6 வோல்ற்றுக்கு மேல் ஏறுதலின், மூன்று கலங்களைத் தொடராக்கல் இன்றியமையாதது. ஒரே வகைக் கலங்களும் கொள்ளளவிற் சிறிது வேறுபடும். சிறியது முந்தி உயர்ந்து, எல்லை கடந்து கெடும். சமநிலைப்படுத்தல் இங்கே பிறக்கின்றது.

ஒவ்வொரு கலத்துக்கும் சமாந்தரமாகத் தடையிடுதல் எளிய வழி. ஆயின் அத்தடை கலம் வாளா இருக்கும்போதும் சேமிப்பை உறிஞ்சும். அழுத்தம் எல்லையை அணுகும்போது மட்டும் தொழிற்படும் திரான்சிற்றர்ச் சுற்று சேமிப்பைக் காக்கும், விலையோ கூடும். எனவே, ஓட்டம் ஓயாது பாயும் சீராக்கிக்குத் தடையே போதும். நெடுநேரம் சேமித்து வைக்கும் கருவிக்குப் பின்னதே தகும். இரண்டினுள் எது சிறந்தது எனப் பொதுப்பட வினவுதல் பயனற்றது.

வெப்பநிலை 10 பாகை கூடுந்தோறும் மீகொள்ளளவியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். புத்தளக் கரையின் தில்லையடி போன்ற வெம்மை மிக்க ஊர்களில் இதனைப் புறக்கணித்தல் இயலாது. அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்தல் ஆயுளை நீட்டும். மூன்று கலங்களும் சமநிலையில் நின்றால், ஒவ்வொன்றும் 2.3 வோல்ற்றைத் தாண்டாது. சமநிலை தவறின் அக்காப்பு அழிந்துபோம்.

எனவே, நம் மாணவர்க்கு இரண்டு வினாக்களையேனும் கூடுதலாகக் கொடுத்தல் வேண்டும். அரையழுத்தம் வரை முன்னரே ஏறிய கொள்ளளவியை முழுதும் ஏற்றினால் இழப்பு யாது? கணித்தால் நாலிலொன்றே எனக் காண்பர். அந்நாலிலொன்றும் சுமையினூடு சென்றால் அதனை இழப்பெனலாமோ? இவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் பாடத்தை மனனஞ் செய்தவன் அல்லன், கற்றவன்.