பெங்களூரின் பழைய தலைக்கணக்கு: எதுவரை நம்பலாம்?

1891-ல் பெங்களூரில் 1,80,366 பேர் இருந்தார்கள். 1901-ல் 1,59,046 பேர். இடையில், 1898 ஆகஸ்டில், ஹுப்ளிப் பக்கமிருந்து ரயிலில் வந்து சேர்ந்தது பிளேக். கழித்துப் பார்த்தால் 21,320. பிளேக்குக்குப் பலியானோர் இத்தனை பேர் என்று எழுதிவிடக் கை பரபரக்கும். எழுதக் கூடாது. பழைய மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு நோயின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலில் சறுக்குவது இந்தக் கழித்தலில்தான்.

அன்றைய பெங்களூர் ஒரே ஊர் அல்ல. மைசூர் அரசின் கீழ் பேட்டை. பிரிட்டிஷாரின் கீழ், தமிழர் நிறைந்த தண்டு, அதாவது கன்டோன்மென்ட். பேட்டையில் 80,285 பேர் 69,447 ஆனார்கள். தண்டில் 1,00,081 பேர் 89,599 ஆனார்கள். இந்தக் குறைவுக்குள் செத்தவர்களும் இருக்கிறார்கள், ஊரைவிட்டு ஓடியவர்களும் இருக்கிறார்கள். பத்தாண்டில் பிறந்தவர்களும் பிழைக்க வந்தவர்களும் அதை ஓரளவு ஈடுகட்டியும் இருக்கிறார்கள். சொந்த ஊர் வட ஆர்க்காட்டிலோ சேலத்திலோ இருந்த குடும்பம், எலி செத்து விழத் தொடங்கியதும் ரயிலேறியிருந்தால், அது அட்டவணையில் சாவைப் போலவே ஒரு குறைவாகத்தான் தெரியும். 1901 மார்ச் 1 இரவு யார் எங்கே இருந்தார் என்பதைத்தான் கணக்கு கேட்டது; இல்லாதவர் எங்கே போனார் என்று கேட்கவில்லை. 1911-ல் பேட்டை 88,651, தண்டு 1,00,834 என்று பழைய அளவைத் தாண்டிவிட்டன. திரும்பி வந்தவர்கள் எத்தனை, புதிதாக வந்தவர்கள் எத்தனை என்பதை அந்த மொத்தங்களும் சொல்லா. பிறந்த ஊர் அட்டவணையையும் வயது அட்டவணையையும் இறப்புப் பதிவையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் ஏதோ பிடிபடும். அந்த இறப்புப் பதிவோ, கொள்ளைநோய்க் காலத்தில்தான் மிக மோசமாக நடந்திருக்கும். பரிசோதனைக்கும் முகாமுக்கும் பயந்த வீடு சாவை மறைக்கத்தானே பார்க்கும்?

ஆனால் இதே கணக்கு வேறொரு கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. மைசூர் ராஜ்யத்தில் 1871-ல் 50,55,412 பேர். 1881-ல் 41,86,188 பேர். தாது வருஷப் பஞ்சம் விழுங்கிய பத்தாண்டு அது. 1871-ன் கணக்கு முதல் முயற்சி, பிழைகள் உள்ளதுதான். ஆனால் ஆறில் ஒரு பங்குக்கும் மேலான சரிவை எண்ணியவர்களின் பிழை என்று தள்ளிவிட முடியாது. சாதாரண ஆண்டுகளில் கூடியிருக்க வேண்டிய மக்களையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு இன்னும் பெரிது. பஞ்சத்தில் பிறந்தவர்களுக்கு 1881-ல் மூன்று நான்கு வயது. 1891-ல் பதின்மூன்று, பதினான்கு. அந்த வயதுக் குழுவின் மெலிவை அடுத்தடுத்த கணக்குகளில் பின்தொடரலாம். அழிவு பெரிதாக இருந்து, அது ஒரு ராஜ்யம் முழுக்கப் பரவியும் இருந்தால், இந்தக் கணக்கு நல்ல சாட்சி. ஒரு நகரம், ஒரு நோய் என்று குறுக்கினால் சாட்சி தடுமாறுகிறது.

வயதிலும் எச்சரிக்கை வேண்டும். பிறந்த தேதி தெரியாத சமூகம் முப்பது, நாற்பது என்று உருண்டை எண்ணாகவே சொன்னது. அதைச் சீர்செய்யும் கணித முறைகள் உண்டு. சீர்செய்ய முடியாதது உடற்குறை அட்டவணை. 1881 முதல் 1931 வரை பார்வையற்றோர், செவிப்புலனற்ற வாய்பேசாதோர், மனநலம் குன்றியோர், தொழுநோயாளிகள் எனத் தனித்தனியே எண்ணினார்கள். எண்ணியவர் பள்ளி ஆசிரியரோ கிராமக் கணக்கரோ, மருத்துவர் அல்ல. வெண்குட்டத்தைத் தொழுநோயோடு குழப்பினார்கள். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணுக்குத் தொழுநோய் என்று எந்தத் தகப்பன் சொல்லுவான்? இந்த எண்களை நோயின் பரவலாக எடுத்துக்கொள்ளும் ஆய்வை நான் ஏற்கமாட்டேன். எதை வெளியே சொல்லச் சமூகம் கூசியது என்பதற்கு வேண்டுமானால் அவை சான்றாகும்.

எல்லாவற்றுக்கும் மேலான குறை ஒன்று உண்டு. பிரிட்டனில் நூறு ஆண்டு கழிந்தால், அமெரிக்காவில் 72 ஆண்டு கழிந்தால், பெயரோடு கூடிய குடும்பப் படிவங்களே ஆய்வாளர் கைக்கு வருகின்றன. ஒரு குழந்தையை அதன் மரணப் பதிவோடு இணைத்துப் பார்க்க அங்கே வழி இருக்கிறது. இங்கே படிவங்களைக் கூட்டி அட்டவணை போட்டபின் காக்கவில்லை. அச்சிட்ட தொகுதிகள்தான் மிச்சம். சி. சந்திரசேகரனும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949-ல் ஒரு முறை வகுத்தார்கள்: தனித்தனியே எடுத்த இரண்டு பட்டியல்களைப் பெயருக்குப் பெயர் ஒப்பிட்டு, இரண்டிலும் விடுபட்டது எவ்வளவு என்று மதிப்பிடுவது. அந்த முறையை 1898-ன் பெங்களூருக்குப் போட முடியாது. பெயர்ப் பட்டியலே இல்லை. அதே சந்திரசேகரன் 1950-களின் தொடக்கத்தில், ஐ.நா.வும் இந்திய அரசும் சேர்ந்து நடத்திய மைசூர் மக்கள்தொகை ஆய்வில் பணியாற்றினார். பெங்களூர் நகரமும் அடங்கிய அந்த ஆய்வு வீடு வீடாகப் போய்க் கேட்டது. கணக்கெடுப்பு மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

என் முடிவு இது: இந்தப் பழைய கணக்கை இழப்பின் அளவுக்கும், வயதுவாரி வடுவுக்கும், குடிபெயர்வுக்கும் பயன்படுத்தலாம். சாவின் காரணத்துக்கோ நோயின் பரவலுக்கோ அதைத் தனிச் சான்றாக நிறுத்தக் கூடாது.

2027 கணக்கெடுப்பு டிஜிட்டல் முறையில் நடக்கிறது. 1948-ன் சட்டம் தனிநபர் பதிவுகளை யாரும் பார்க்கவிடாமல் காப்பது இன்று வாழ்கிறவர்களின் நலனுக்காக; அது இருக்கட்டும். ஆனால் நூறு ஆண்டுக்குப் பிறகு ஆய்வாளருக்குத் திறக்கலாம் என்று ஒரு விதியைச் சேர்த்து, இந்த முறையாவது பதிவுகளை அழிக்காமல் வையுங்கள்.