முகம் பாராத தையல்

நெய்யூரிலிருந்து குளச்சலுக்குச் செல்லும் சாலையோரத்து வீடொன்றின் முன்கட்டில், கால்மிதித் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த ஓர் அம்மையார், பல துணிகளை ஒட்டியும் அடுக்கியும் கனத்துப் போயிருந்த ஒரு விரிப்பைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகின்மேல் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்ததை நான் முதன்முறை கண்டபோது, ஏதோ கிழிசலுக்கு மராமத்துப் பார்க்கிறார் என்றே எண்ணினேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளைக் காடாத்துணியும் அதில் ஊர்ந்து சென்ற மெல்லிய நூற்கோடும்தான். அக்கோட்டிலோ ரசிப்பதற்கு யாதொன்றும் இல்லை. சற்று நேரங்கழித்து இயந்திரத்தை நிறுத்தி, நூலைத் தாராளமாக விட்டு நறுக்கி, துணியைத் திருப்பி மடியில் விரித்தார். அங்கே ஒரு பனைமரம் நின்றது. வெறுமனே வரைந்த பனையன்று. தடவிய விரலுக்கு இடறும்படி, கறுத்துத் தடித்த நூல் வளையம் வளையமாகக் கிடந்து எழுப்பிய பனை. அத்தனை பருமனான நூல் எந்த ஊசியின் காதுக்குள் நுழைந்தது என்று நான் வியந்து கேட்டதற்கு, "அது ஊசியில ஏறவே இல்ல அண்ணாச்சி, கீழ பாபின்ல கெடக்கு" என்று சொல்லி அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் தாத்பரியம் எனக்கு விளங்குவதற்குச் சில மாதங்கள் சென்றன. தையல் இயந்திரம் இடும் தையலில் இரண்டு நூல்கள் உண்டென்பது யாவரும் அறிந்ததே. மேல் நூல் ஊசிக்காதின் வழியே இறங்குகிறது; கீழ் நூல் தகட்டுக்கு அடியில், பாபினில் சுற்றிக் கிடக்கிறது. ஊசி கீழே சென்று திரும்பும் கணத்தில் உண்டாகும் சிறு கண்ணியை ஷட்டிலின் கொக்கி பற்றி, பாபினையே முழுக்க ஒரு பிரதட்சிணம் செய்வித்துவிடுகிறது; தையலுக்கு ஒரு பிரதட்சிணமாக மேல் நூல் ஓயாமல் சுற்றிவர, கீழ் நூலோ இருந்த இடத்தில் இருந்துகொண்டே தன் முறை வரும்போது சிறிதளவு நழுவிக் கொடுப்பதோடு சரி. மேல் நூலின் ஒவ்வோர் அங்குலமும் ஊசிக்காதினூடே பன்முறை முன்னும் பின்னுமாக இழுபட்டுத் தேய்ந்த பின்னரே துணியில் நிலைபெறுகிறது. ஊசியில் கோத்த ஜரிகை உரிந்து அறுவதற்கும், பட்டு நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிவதற்கும் இந்த அலைக்கழிப்பே காரணம். ஆகவே பருமனும் மென்மையும் மினுக்கும் உடைய நூலுக்கு மேல்மாடியில் வாழ்வு இல்லை என்று கண்டு, அதனைக் கீழறையில் குடியேற்றி, துணியையே தலைகீழாக்கி, தரையை நோக்கும் பக்கத்தை முகமாகக் கொள்ளலாம் என்று தீர்மானித்த புத்தி எவருடையதாயினும் அது வந்தனத்துக்குரியது. இயந்திர எம்பிராய்டரி கற்பிக்கும் வகுப்புகளில் இதற்குக் கேபிள் தையல் என்று பெயர். கையால் போடும் தையலில் ஜரிகைக் கயிற்றைத் துணியின்மேல் கிடத்தி, வேறொரு மெல்லிய நூலால் அங்கங்கே கட்டிப் பிடிப்பார்களே, அதே காரியத்தைத்தான் இயந்திரம் இங்கே கண் மறைவில் செய்கிறது.

வித்தையின் சூட்சுமம் முழுவதும் ஒரு சின்னஞ்சிறு திருகாணியில் அடங்கியிருக்கிறது. பாபின் கேஸின் விலாவில் ஓர் எஃகு இலையும், அதை அழுத்திப் பிடிக்கும் திருகாணியும் இருக்கின்றன. சாதாரண நூலுக்கென்று இறுக்கி வைத்த அந்த இலையின் அடியில் ஆறிழை ஆங்கர் நூல் எளிதில் நகராது. எனவே திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்திக்கொண்டே வந்து, நூலின் நுனியைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு எளிதில் வழுக்கி இறங்குகிறது என்று சோதிக்க வேண்டும். தம்புராவுக்குச் சுருதி கூட்டுகிறவருடைய முகத்தில் காணும் அதே அந்தர்முகமான கவனத்தை அவ்வேளையில் அந்த அம்மையாரின் முகத்திலும் கண்டிருக்கிறேன். இந்த வேலைக்கென்றே பழைய கேஸ் ஒன்றை ஒதுக்கி, அடையாளத்துக்கு நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு இட்டு வைத்திருந்தார். ஊரார் ரவிக்கைகளைத் தைக்கும் கேஸை இதற்காகத் தொடுவதே இல்லை. திருகாணியைத் தொடும்போதெல்லாம் மடியில் ஒரு தட்டம் இருக்கும். கடுகளவான அந்தப் பொருள் தரையில் உருண்டால் அன்றைய வேலை தேடுவதிலேயே போய்விடும்.

பிடி அதிகமானால் தடித்த நூல் துணிக்குள் புதைந்து, மேல் நூல் இடையிடையே முகத்துக்கு வந்து புள்ளியிடுகிறது. பிடி அளவாயிருந்தால் நூல் தன் முழு உடம்போடு துணியின்மேல் சயனித்துக் கொள்கிறது. பிடி அறவே தளர்ந்தால், எஃகு இலையையே விட்டு விலக்கி நூலை ஓட விட்டால், அது கட்டவிழ்ந்து சுருண்டு சுருண்டு, பாசி படர்ந்தாற்போலவும் நுரை பொங்கினாற்போலவும் கண்ணி கண்ணியாக எழும்புகிறது. தையற்காரர் எவரும் தோஷம் என்று பிரித்தெறியக்கூடிய இந்த மூன்றாம் நிலையைத்தான், முட்டத்துப் பாறைகளில் மோதும் அலைக்கு அவர் வைத்துக்கொண்டிருக்கிறார்.

தடித்த நூல் ஒரு பாபினில் சில கஜங்களே கொள்ளும். அதையும் கையாலேயே, முறுக்கேறாமல், சீராகச் சுற்ற வேண்டும். எந்த இடத்தில் தீரும் என்பதை முன்கூட்டியே மனத்தில் கணக்கிட்டு, ஓர் இலையின் நுனியிலோ ஒரு கிளையின் முடிவிலோ கோடு ஓய்வதற்கும் நூல் ஓய்வதற்கும் பொருத்தம் காண வேண்டும். தொடக்கத்தில் கீழ் நூலை ஊசியால் மேலே இழுத்துக்கொள்வதும், முடிவில் பின்தையல் போட்டு முண்டாக்காமல் நுனியைக் கையூசியால் உட்புறம் வாங்கி முடிவதும், தையலை வழக்கத்தினும் நீளமாக விடுவதும், துணியை இஷ்டம் போலத் திருப்புவதற்காக அடிப்பல்லை இறக்கிவிடுவதும் பழக்கத்தால் கைவருபவை. கடினமானது வேறொன்று. சித்திரத்தைத் துணியின் முதுகில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். அதற்குமேல் அந்தக் கோட்டை நம்பிப் போக வேண்டும். "குனிஞ்சு பாக்காத மக்களே, கையில தெரியும்" என்று தம்மிடம் கற்க வரும் பெண்களிடம் அவர் அடிக்கடி சொல்வது காதில் விழும். பழகியவர்களுக்கு அது உண்மையும்கூட: தடித்த நூல் சரியாக ஓடும்போது இயந்திரத்தின் சப்தமே தாழ்ந்து ஒலிக்கிறது.

பாபின் என்னும் சொல் கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண்களுக்கு இயந்திரத்தோடு வந்ததன்று. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவி மார்த்தா மால்ட், தம்முடைய பெண்கள் பள்ளியில் 1820-களின் தொடக்கத்தில் லேஸ் பின்னக் கற்பித்தார். உறுதியாக அடைத்த ஒரு தலையணையின்மேல் துளையிட்ட மாதிரியை விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, ஜோடி ஜோடியாகத் தொங்கும் பாபின்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுவதும் முறுக்குவதுமாகிய இரண்டே அசைவுகளால் பூவையும் கொடியையும் காற்றில் கட்டுகிற வேலை அது. நம் பழைய சொல்வழக்கில் லேஸுக்கு ரேந்தை என்று பெயர். போர்த்துக்கீசியரின் 'ரெந்தா' கரையேறி அப்படியாயிற்று. பித்தானும் துவாலையும் அதே மொழியிலிருந்து வந்து இறங்கியவையே. மார்பின்மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்வதே கலகத்துக்குக் காரணமாயிருந்து, 1859-இல்தான் ராஜப் பிரகடனத்தால் ஒருவாறு தணிந்த தேசம் தென் திருவிதாங்கூர் என்பதை நினைக்கும்போது, அதே தேசத்தின் பெண்கள், சீமாட்டிகளின் ஆடைக்கு ஓரம் பின்னிக் கொடுத்தார்கள் என்பது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்றாகவே படுகிறது. அடிமைகளாய்ப் பிறந்த சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்று மிஷன் சரித்திரங்கள் கூறுகின்றன. லேஸ் வேலை பின்னர் முளகுமூட்டுக் கன்னியர் மடத்திலும் வேரூன்றியது.

இதில் என்னை ஈர்க்கும் சங்கதி மற்றொன்றும் உண்டு. இங்கிலாந்தில் ஹானிட்டன் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் லேஸ், முகம் தலையணையில் புதைந்திருக்க, புறம் மேலே நோக்கப் பின்னப்படுவது. குண்டூசிகளையெல்லாம் பிடுங்கித் திருப்பிய பிறகே பின்னியவள் தன் வேலையின் முகத்தைக் காண்கிறாள். ஆகவே கேபிள் தையலை இயந்திர யுகத்தின் உபாயம் என்று மட்டும் கொள்ளாமல், அந்தத் தலையணையின் பெண்வழிப் பேர்த்தி என்று கொள்வதே எனக்கு உசிதமாகத் தோன்றுகிறது. அங்கே கண்ணெதிரே கலகலத்த எத்தனையோ பாபின்கள், இங்கே ஒன்றாகச் சுருங்கித் தகட்டின் அடியில் ஒளிந்துகொண்டன.

குளிரறியாத நாஞ்சில் நாட்டில் அந்த அம்மையாரின் விரிப்பைப்போல் பஞ்சடைத்த குவில்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நம் வீடுகளில் பழஞ்சேலையை மடித்துத் தைத்துக் குழந்தையைக் கிடத்துவதற்கு மேல் அக்கலை வளர்ந்ததில்லை. ஆனால் மேலை நாட்டிலேயே அது படுக்கையை விட்டு எழுந்து வெகுகாலமாயிற்று. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அரும்பொருளகம் பழைய குவில்டுகளைச் சுவரில் மாட்டி நவீன ஓவியங்களைப்போல் காட்டியதற்குப் பின், சுவருக்கென்றே குவில்ட் தைப்போர் பெருகினர். நமக்கோ தைத்த துணியைத் தொங்கவிட்டு அண்ணாந்து பார்ப்பது புதிதன்று. தேர்களில் ஆடும் தொம்பைகளில், துணிமேல் துணி வெட்டி ஒட்டித் தைத்த யாளியையும் பூவையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம்.

நெய்யூர் அம்மையாரின் விரிப்பும் சுவருக்கானதே. அடித்துணி, நடுவே பஞ்சுத் தகடு, மேலே நீலத்தின் பல சாயைகளில் கிழித்து ஒட்டிய சேலைத் துண்டுகள். முதலில் முகப்புறத்திலிருந்து மெல்லிய நூலால் பாறைகளின் விளிம்பை ஒருமுறை தைத்து விடுகிறார். அக்கோடு முதுகிலும் பதிவதால், கவிழ்த்துப் போட்ட பின் அதுவே வழிகாட்டியாகிறது. பாறைக்குச் சாம்பல் நிறத்து நூல் இறுக்கமாக ஓடுகிறது. நுரைக்கு வெண்ணூல் கட்டின்றிப் பொங்குகிறது. கரைமேட்டின் பனைக்கு ஆறிழைக் கறுப்பு. அப்பாலுள்ள வயலுக்கு மெல்லிய பச்சை நூல், அதுவும் ஊசியிலிருந்து. இந்த விவேகத்தைத்தான் நான் பெரிதும் மெச்சுகிறேன். தடித்த நூலின் ருசி கண்டவர்கள் அங்குலம் விடாமல் அதையே இழைத்துத் துணியைக் கயிற்றுக் கட்டிலாக்கி விடுவதைப் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் அடக்கம் இருந்தாலன்றிப் புடைப்புக்குச் சௌந்தர்யம் ஏது? அவரிடமும் ஒரு குறை சொல்வேன்: அஸ்தமன சூரியனுக்கு முழு ஜரிகையைச் சுற்றியிருக்க வேண்டியதில்லை. கீழிருந்து வந்த ஜரிகை அறாமல் ஒழுங்காகத்தான் படிந்திருக்கிறது. ஆயினும் கடல் அத்தனை சாந்தமாயிருக்கையில் அது மணப்பந்தலின் சோடனைபோல் உறுத்துகிறது. சொன்னேன், அவர் ஒப்பவில்லை.

இப்போது ஊர்தோறும் ரவிக்கைகளில் பூக்கும் ஆரி வேலையிலும் நூல் துணிக்கு அடியிலேதான் இருக்கிறது. ஆனால் ஆரி ஊசி அதை மேலே கொக்கியிட்டு இழுத்து, கண்ணெதிரிலேயே சங்கிலியாக்கி விடுகிறது. பலன் உடனே பிரத்தியட்சம். கணினியில் பூப்போடும் யந்திரங்களைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவை பிழை செய்வதில்லை.

பிழை என்றதும் சென்ற முறை அங்கே கண்டது நினைவுக்கு வருகிறது. கடற்கரைக் கிராமத்திலிருந்து கற்க வரும் பெண் ஒருத்தி, கன்னியாகுமரிக் கடலைத் தைத்திருந்தாள். விவேகானந்தர் பாறையும், பக்கத்துப் பாறையில் வள்ளுவர் சிலையும், கரையோரத்துப் பனைகளும். முதுகில் வரையும்போது இடம் வலமாக மாற்ற மறந்துபோனாள். துணியைத் திருப்பியதும் அறையிலிருந்த மற்றப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கரையிலிருந்து தினமும் நாம் காணும் காட்சியில் எது எந்தப் பக்கம் நிற்கிறதோ அது அப்படியே மாறிப்போய், வள்ளுவர் மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் நின்றார். அம்மையார் நூலைப் பிரிக்கும் கத்தியைக் கையில் எடுத்தார். அந்தப் பெண் சற்று நேரம் துணியையே பார்த்திருந்துவிட்டு, "எங்கப்பா வள்ளத்துல திரும்பி வரும்போ இப்படித்தான் தெரியும் டீச்சர்" என்றாள்.

அப்படியானால் கடலிலிருந்து வருகிறவனுக்கு வள்ளுவரின் முதுகல்லவா தெரிய வேண்டும் என்று நான் குறுக்கிட்டேன். அம்மையார் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிலை ஒரு விரல் நீளமே இருந்தது. தடித்த நூலில் கண்ணும் மூக்கும் வராதென்று அவள் வெறும் புறக்கோட்டோடு விட்டிருந்தாள். கத்தியை மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, கரையோரத்துப் பனைகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.