விட்டுட்டேன், விட்டுக்கிட்டிருக்கேன்

சாட்சி சொல்வது ஓர் இலக்கிய வடிவம் என்று யாரும் நமக்குப் பாடம் எடுத்ததில்லை. ஆனால் போடி வட்டாரத்துச் சின்னச் சின்ன சபைகளில் ஞாயிற்றுக்கிழமை மைக்கைக் கையில் வாங்குகிற எல்லோருக்கும் அதன் இலக்கணம் தெரியும். முதலில் பழைய வாழ்க்கை: ஒரு நாளைக்கு எத்தனை கட்டு பீடி, எவ்வளவு காசு, வீட்டில் எத்தனை சண்டை. அடுத்து ஒரு இருமல், ஒரு நெஞ்சுவலி, அல்லது மகள் கேட்ட ஒரு கேள்வி. அடுத்து ஜெபம். அடுத்து அந்த நொடி. ‘அன்னைக்கு விட்டவன்தான், இன்னிய வரைக்கும் தொடல.’ கூட்டம் ஸ்தோத்திரம் சொல்கிறது. ஐந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. சிலமலையில் வளர்ந்ததால் இந்தக் கதைகளை ஒலிபெருக்கி வழியாகக் கேட்டே வளர்ந்தேன். இவற்றை ‘மூளைச்சலவை’ என்று ஒதுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அப்படியே நம்பும் நண்பர்களும் உண்டு. இரு தரப்பும் செய்யாத ஒரு வேலையை இங்கே செய்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. சாட்சியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று படிப்பது. இது வெறும் அழகியல் கேள்வி இல்லை. ஒரு கதை எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து, அதைக் கேட்டு நம்பிய ஒருவன் மறுநாள் பெட்டிக்கடை முன்னால் என்ன செய்வான் என்பதும் மாறும்.

முதலில் தமிழைக் கவனிப்போம். ‘பீடிய விட்டுட்டேன்’ என்கிறோம். அந்த ‘-ட்டேன்’ கதவைச் சாத்திவிடுகிறது, வேலை முடிந்தது. சாட்சியின் காலம் இதுதான். ஆனால் விட முயல்கிறவனின் உண்மையான காலம் ‘விட்டுக்கிட்டிருக்கேன்’. நிகோடின் உடம்பை விட்டுப் போகச் சில நாள் போதும். எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், சில வாரங்களில் மெல்ல அடங்கும். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் வரும் ஆசை, டீ கிளாஸைப் பிடித்ததும் விரல் தேடும் தேடல், இதெல்லாம் மாதக்கணக்கில் திரும்பித் திரும்பி வரும். மென்பொருள் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், சாட்சி என்பது ரிலீஸ் நோட். விடுகிறவனுக்குத் தேவைப்படுவது லாக் ஃபைல்.

இதற்கு நேர் எதிரான ஒரு நாவல் இருக்கிறது. இத்தாலியின் இதாலோ ஸ்வேவோ 1923இல் வெளியிட்ட ‘ஜீனோவின் மனசாட்சி’. அதன் நாயகன் ஜீனோ வாழ்நாள் முழுக்கக் கடைசி சிகரெட்டையே பிடித்துக்கொண்டிருக்கிறான். புத்தகத்தின் பக்கங்களில், சுவரில் ஒட்டிய காகிதத்தில் என்று பார்த்த இடத்திலெல்லாம் அந்தக் கடைசிக்கான தேதியைக் குறித்துவைக்கிறான். கடைசி என்று முடிவு செய்த சிகரெட்டுக்கு ருசி அதிகம் என்பதை வேறு கண்டுபிடிக்கிறான். புகையை விடுவதற்கென்றே ஒரு மருத்துவமனையில் சேர்கிறான். அன்றிரவே காவலுக்கு வைத்த செவிலிக்குச் சாராயம் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தப்பித்துவிடுகிறான். சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

ஜீனோவிடம் மனவுறுதி இல்லை என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அவனிடம் மனவுறுதி ஏராளம், தினமும் ஒரு தீர்மானம் எடுக்கிறான். அவனிடம் இல்லாதது கூட ஓர் ஆள். மனைவி இருக்கிறாள், டாக்டர் இருக்கிறார், செவிலி இருக்கிறாள். ஆனால் எல்லோருமே அவனுக்குக் காவலாளிகள் அல்லது பார்வையாளர்கள். ‘எனக்கும் இப்ப அரிக்குதுடா, வா ஒரு நடை போயிட்டு வருவோம்’ என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. தன் கதையைத் தானே எழுதி, தானே படித்து, தானே மன்னித்துக்கொள்கிறான்.

ஜீனோ தனியாகத் தோற்கிறான், சாட்சி சொல்கிறவர் ஆண்டவரோடு ஜெயிக்கிறார். இரண்டு கதையிலும் பக்கத்து நாற்காலி காலி.

அந்த நாற்காலியில் ஆள் உட்காரவைத்துப் பார்த்த ஒரு நிஜ முயற்சி வரலாற்றில் உண்டு. அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த இருவர், எல்மன் ஃபோக்கன்பெர்க் என்ற போதகரும் வெய்ன் மெக்ஃபார்லண்ட் என்ற மருத்துவரும் சேர்ந்து, 1960ஐ ஒட்டி ‘ஐந்து நாள் திட்டம்’ ஒன்றை உருவாக்கினார்கள். சிகரெட்டின் கேட்டைப் பற்றி அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை வெளியானது 1964 ஜனவரியில். அதற்கும் முன்பே தொடங்கிய வேலை இது. தொடர்ந்து ஐந்து மாலைகள். மேடையில் மருத்துவரும் போதகரும் ஒன்றாக நிற்பார்கள். சபையில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, யாரும் வரலாம்.

அந்தத் திட்டம் சொல்லும் அறிவுரைகளைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பரலோகம் பற்றிய பேச்சு குறைவு, தண்ணீர் பற்றிய பேச்சு அதிகம். நிறையத் தண்ணீர் குடி, பழச்சாறு குடி. காபியையும் மதுவையும் கொஞ்ச நாள் தள்ளி வை. குளி. ஆசை வந்தால் மூச்சை ஆழமாக இழு. சாப்பிட்டதும் வழக்கமான நாற்காலியில் சாயாதே, எழுந்து நட. புகைக்கப்போவதில்லை என்பது என் முடிவு என்று உனக்கு நீயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள். அது போதாதபோது உன்னைவிடப் பெரிய சக்தியிடம் உதவி கேள். கூடவே இன்னொன்று: வந்தவர்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிடுவார்கள். ஆசை தாங்கவில்லையா, ஜோடிக்குப் போன் போடு. அவனும் உன்னை மாதிரியே தவித்துக்கொண்டிருப்பவன்தான்.

ஒரு பிரதியாக இதைப் பார்த்தால், பிரசங்கமும் பத்தியச் சீட்டும் ஒரே தாளில் எழுதப்பட்டது போல இருக்கும். அதன் பலம் அங்கேதான். ஜெபமும் ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருகின்றன. குறையும் உண்டு, அது தலைப்பிலேயே இருக்கிறது. ஐந்து நாள் என்று எண்ணிச் சொல்லும்போது அதுவும் ‘விட்டுட்டேன்’ பக்கம் சாய்கிறது. ஆறாவது நாள் என்ன செய்வது? 1980களில் அந்தச் சபையே ‘ப்ரீத் ஃப்ரீ’ என்ற பெயரில் இன்னும் நீண்ட ஒரு திட்டத்துக்குப் போனது.

ஆறாவது நாள் எவ்வளவு நீளமானது என்று தெரிந்துகொள்ள ஒருவரின் வாழ்க்கையைப் பார்க்கலாம். பில் வில்சன். 1935இல் டாக்டர் பாப் என்ற நண்பரோடு சேர்ந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தைத் தொடங்கியவர். ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களில் கற்றதை எடுத்து, ஒரு குடிகாரன் இன்னொரு குடிகாரனிடம் பேசுவதையே சிகிச்சையாக மாற்றியவர். அவருக்கு அந்தப் பரவச நொடி கிடைத்தது, அதன் பிறகு அவர் குடிக்கவே இல்லை. ஆனால் சிகரெட்டை மட்டும் விட முடியாமல் பல ஆண்டுகள் புகைத்து, 1971 ஜனவரியில் நுரையீரல் நோயால் இறந்தார். விசுவாசம் பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. குடிக்கு அவரைச் சுற்றி ஓர் ஊரே இருந்தது. புகைக்கு அப்படி ஒரு வட்டம் இல்லை. அந்தக் காலத்துக் குடி மறப்புக் கூட்டங்களில் கையில் காபியும் வாயில் சிகரெட்டும் சகஜம். அவருடைய பன்னிரண்டு படிகளைப் புகைக்கு எடுத்துக்கொண்ட நிகோடின் அனானிமஸ் உருவானது அவர் இறந்து பத்தாண்டுக்கும் பிறகு.

இதைப் படிக்கும்போது எனக்கு முந்தல் ஞாபகம் வரும். காலையில் சிலமலையிலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் மேலே ஏறும். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள், அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தன்பாறை. ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் வண்டி நின்றால் ஆண்கள் இறங்குவார்கள். ஒரு தீக்குச்சியில் மூன்று பீடி பற்றும். மேலே மழை, அட்டைப்பூச்சி, மருந்தடிக்கிற வாடை. நடுவில் கிடைக்கும் ஓய்வின் பெயரே பீடிதான். ‘வாங்கண்ணே, ஒண்ணு போடுவோம்’ என்பது புகைக்க அழைப்பது மட்டும் இல்லை, உன்னையும் எங்களில் ஒருத்தனாக நினைக்கிறோம் என்பதன் சுருக்கம். அங்கே ஒருவன் பீடியை விட்டால் பீடியோடு அந்த வட்டத்தையும் சேர்த்து விடுகிறான். விட்ட இடத்தில் இன்னொரு வட்டம் கிடைக்காவிட்டால் பழைய வட்டத்துக்கே திரும்பிவிடுவான்.

புள்ளிவிவரமும் இதைத்தான் சொல்கிறது. 2008இல் நிக்கலஸ் கிறிஸ்டாகிஸும் ஜேம்ஸ் ஃபவுலரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரை மையமாகக் கொண்டு 12,067 பேரை 1971 முதல் 2003 வரை தொடர்ந்து பதிவு செய்த தகவல்கள் அவை. கணவனோ மனைவியோ புகையை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பன் விட்டால் 36 சதவீதம். கூட்டம் கூட்டமாகத்தான் ஜனங்கள் விடுகிறார்கள். விடாமல் மிச்சம் இருப்பவர்கள் மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள்.

அப்படியானால் விசுவாசம் எதற்கு, நண்பர்கள் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பலருக்குப் போதும். ஆனால் சபை மூன்று காரியங்களைத் தயாராக வைத்திருக்கிறது, அதை நாத்திகன் ஒத்துக்கொள்வதில் தப்பில்லை. ஒன்று, ‘என்னால முடியல’ என்று ஓர் ஆண் நாலு பேர் முன்னால் சொன்னாலும் மரியாதை குறையாத இடம் எங்கள் பக்கத்தில் ரொம்பக் குறைவு, அது அதில் ஒன்று. இரண்டு, அது வாராவாரம் கூடுகிறது, கூப்பிடாமலே போகலாம். மூன்று, கிறிஸ்தவக் கதை தவறி விழுவதற்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்கிறது. எத்தனை தடவை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது கிடைத்த பதில் எழுபது ஏழு தரம். பரமண்டல ஜெபத்தில் அப்பம் கேட்பதுகூட அன்றைய தேவைக்குத்தான், வருஷத்துக்கு இல்லை. ‘இன்னைக்கு மட்டும் தொடமாட்டேன்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான இறையியல் எங்கே கிடைக்கும்?

இவ்வளவும் கையில் இருந்தும் சாட்சி என்ற வடிவம் இதையெல்லாம் வெட்டிவிடுகிறது என்பதுதான் என் புகார். எங்கள் ஊரில் ஓர் அண்ணன் உருக்கமாகச் சாட்சி சொன்னார். சில மாதம் கழித்து, ஒரு சாவு வீட்டில் ஒரே ஒரு பீடி. அதற்கப்புறம் அவர் சபைப் பக்கம் போகவே இல்லை. பீடிகூடப் பிறகு குறைந்திருக்கலாம், வெட்கம் குறையவில்லை. ‘விட்டுட்டேன்’ என்று மைக்கில் சொன்னவனுக்குத் திரும்பி வந்து சொல்ல வேறு வாக்கியம் இல்லை. அவரைத் துரத்தியது விசுவாசம் இல்லை, அவர் சொன்ன கதையின் வடிவம்.

இதற்கு மருந்தை வெளியே தேட வேண்டியதில்லை. தமிழ்க் கிறிஸ்தவத்தின் அலமாரியிலேயே இருக்கிறது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பயணம்’. அதைத் தழுவித்தான் திருநெல்வேலிச் சீமையின் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தை எழுதினார், 1894இல் அச்சில் வந்தது. கதை பலருக்குத் தெரியும்: முதுகில் சுமையோடு ஒருவன் கிளம்புகிறான், சிலுவையின் முன்னால் சுமை அவிழ்ந்து விழுகிறது. சாட்சி இங்கே முடிந்துவிடும். பனியனின் புத்தகமோ இங்கே பாதியைக்கூட எட்டியிருக்காது. சுமை விழுந்த பிறகுதான் பயணத்தின் பெரும்பகுதி.

அந்த மீதிப் பகுதியில் அவன் தனியாக நடப்பது கொஞ்சம்தான். நம்பிக்கை என்ற பெயருள்ள ஒரு தோழன் வந்து சேர்கிறான். அவநம்பிக்கை அரக்கனின் சிறையில் நாயகன் உயிரை விட நினைக்கும்போது தோழன்தான் பேசிப் பேசித் தடுக்கிறான். தூங்கினால் எழவே முடியாத ஒரு மயக்க நிலத்தில் தோழனுக்குக் கண் சொருகுகிறது, இப்போது நாயகனின் முறை. உன் கதையைச் சொல் என்று கேட்டுக் கேட்டு அவனை விழித்திருக்க வைக்கிறான். கடைசி ஆற்றில் நாயகன் மூழ்கத் தொடங்கும்போது தோழன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான். யார் பலமானவன், யார் பலவீனன் என்பது ஒவ்வொரு கட்டத்திலும் இடம் மாறுகிறது. ஐந்து நாள் திட்டத்தின் ஜோடி முறையை முந்நூறு ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்தது போல இருக்கிறது. கதை சொல்வதும் இங்கே வெற்றி அறிவிப்பாக இல்லை. பக்கத்தில் இருப்பவன் தூங்கிவிடாமல் இருக்கச் சொல்வது.

சாட்சியும் அப்படி மாறலாம். ‘முப்பத்தியோரு நாள் ஆச்சு. பத்தாவது நாள் ஒண்ணு அடிச்சேன். இந்தத் தம்பிக்குப் போன் போட்டேன், அவன் வந்து உட்கார்ந்தான்.’ இதற்கும் ஸ்தோத்திரம் சொல்லலாமே. இப்படி ஒரு சாட்சியில் டாக்டருக்கும், நிகோடின் சூயிங்கத்துக்கும், 1800-11-2356 என்ற அரசின் இலவச உதவி எண்ணுக்கும்கூட இடம் கிடைக்கும். தண்ணீரும் ஜெபமும் ஒரே தாளில் இருக்க முடியும் என்றால் இவை இருக்கக் கூடாதா?

‘விடுதலை’ என்ற சொல்லும் ‘விடு’ என்பதிலிருந்துதான் வருகிறது. பீடியை நான் விடுகிறேன், பீடியிலிருந்து என்னை விடுவிக்கிறார்கள். தன்வினைக்கும் பிறவினைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இலக்கணப் புத்தகம் சொல்லாது. ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பில், பீடிக்கட்டை நீட்டும்போது வேண்டாம் என்று தலையாட்டுகிற இரண்டாவது ஆள் இருக்கிறானா என்பதைப் பொறுத்தது அது.