வெண்ணிற ஆடையும் வெண்கலக் குரலும்

புகழ்பெற்ற கலைஞர் இளம் பெண்டிர்க்கு முன்மாதிரியாவரோ என்னும் வினாவிற்குக் கே. பி. சுந்தராம்பாளின் வாழ்வு தக்கதோர் உரைகல்லாகும். 1933 ஆம் ஆண்டில் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபின் அவர் பூண்ட வெண்ணிற ஆடையையே பலரும் போற்றினர். கற்பிற்கு இலக்கணம் என்றனர். பெண்ணின் துயரை அணிகலனாக்கிப் பார்ப்பதில் நம்மவர்க்கு என்றுமே விருப்பம் மிகுதி. 1953 இல் ஔவையாராக அவர் திரையில் தோன்றியபின், வேடம் எது, ஆள் எவர் என்னும் வேறுபாடும் மங்கிற்று. ஆயின், 1935 இல் நந்தனாராக ஆண்வேடம் தாங்கி, அந்நாளில் வியந்து பேசப்பட்ட ஓரிலட்சம் ரூபாவை ஊதியமாகப் பெற்றவரும் அவரே. சென்னைச் சட்டமேலவையில் அமர்ந்தவரும் அவரே. இளமையிலேயே நாடக மேடையேறிய அவர், அங்கு உழைத்தே அக்குரலைப் பண்படுத்தினார். ஆடையை மெச்சி அவரைப் பெண்களுக்கு எடுத்துக்காட்டியோருள் அவ்வுழைப்பைச் சுட்டியோர் மிகச் சிலரே.