விலகுதல் வேறு, பொறுப்பேற்றல் வேறு

செய்தி ஓர் அமானிதம். தன் கண்ணால் காண இயலாத ஒன்றைக் கேட்பவன் பிறர் நாவை நம்பியே ஏற்கிறான். அந்த நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டவர் அதனைச் சேதமின்றித் திருப்பி ஒப்படைக்கக் கடமைப்பட்டவராவார். தனியார் ஏடொன்று தவறு செய்தால் மறுநாள் அதனை வாங்காமல் விட்டுவிடலாம். மக்களின் பணத்தால் இயங்கும் ஒலிபரப்பு நிறுவனம் தவறினாலோ, மக்களிடம் பெற்ற பொருளைக் கொண்டே மக்களை ஏமாற்றியதாகிவிடும்.

பிரிட்டனின் பி.பி.சி. 1922இல் தோன்றி, 1927இல் அரச சாசனத்தின் கீழ்ப் பொது நிறுவனம் ஆயிற்று. அந்நாட்டு இல்லங்கள் செலுத்தும் உரிமக் கட்டணமே அதன் முதன்மையான வருவாய். நமக்கும் அந்நிறுவனம் அந்நியமானதன்று. 1941இல் தொடங்கிய அதன் தமிழ் ஒலிபரப்பு, 'தமிழோசை' என்னும் பெயரால் அறியப்பெற்று, 2017 வரை வானொலியில் ஒலித்தது. "பி.பி.சி.யே சொல்லிவிட்டது" என்ற ஒரு சொல்லே திண்ணைப் பேச்சுகளில் வழக்கைத் தீர்த்துவைத்த காலம் ஒன்று இருந்தது. இத்தகைய நம்பிக்கையைப் பெற்ற நிறுவனம் தவறியபோது அதன் தலைமை எவ்வாறு நடந்துகொண்டது என்பதை ஆராய்வது தகும்.

முதலில் 1995ஆம் ஆண்டு நிகழ்ச்சியை நோக்குவோம். அவ்வாண்டு நவம்பர் 20 அன்று 'பனோரமா' நிகழ்ச்சியில் இளவரசி டயானாவின் பேட்டி ஒளிபரப்பாயிற்று. 2 கோடிக்கும் மேற்பட்டோர் அதனைக் கண்டனர். பேட்டி எடுத்த மார்ட்டின் பஷீர், போலியான வங்கிக் கணக்குத் தாள்களை உருவாக்கச் செய்து, அவற்றை டயானாவின் தம்பி ஸ்பென்சர் பிரபுவிடம் காட்டி, அவர் வழியாகவே இளவரசியை அணுகியிருந்தார். அத்தாள்களை வரைந்து கொடுத்த வரைகலைஞர் பின்னர் ஐயுற்று, தாமே அதனை நிறுவனத்தின் மேலிடத்தில் தெரிவித்தார்.

1996இல் விசாரணை நடந்தது. செய்திப் பிரிவின் தலைவர் டோனி ஹால் அதனை நடத்தினார். ஏமாற்றப்பட்ட ஸ்பென்சரிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. ஏமாற்றியவர் நேர்மையானவர் என முடிவாயிற்று. உண்மையை எடுத்துரைத்த வரைகலைஞருக்கோ, இனி நிறுவனத்தில் பணி இல்லை என்று ஆளுநர் குழுவிடம் தெரிவிக்கப்பட்டது. ஹால் 2013 முதல் 2020 வரை தலைமை இயக்குநராகவும் வீற்றிருந்தார். அவ்விசாரணை முற்றிலும் பயனற்றது என்று 2021 மே மாதத்தில் நீதியரசர் டைசன் அறிக்கை வெளியிட்டபோது கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. இளவரசியும் உயிரோடு இல்லை.

இரண்டாவது, ஈராக் போர்க் காலத்து நிகழ்ச்சி. ஈராக் 45 நிமிடங்களில் பேரழிவு ஆயுதங்களை ஏவ வல்லது என்று பிரிட்டிஷ் அரசின் 2002 செப்டம்பர் ஆவணம் கூறிற்று. அக்கூற்று பிழையென அரசு அறிந்தே சேர்த்திருக்கலாம் என்னும் பொருள்பட, 2003 மே 29 அன்று காலை ஆண்ட்ரூ கில்லிகன் வானொலியில் பேசினார். எழுதிவைத்துப் படித்த வாசகமன்று அது; நேரலையில் சொல்லியது. அரசு கடுமையாக மறுத்தது. செய்தியாளரின் குறிப்புகளை முறையாகச் சரிபார்க்கும் முன்னரே நிர்வாகமும் ஆளுநர் குழுவும் அவர் பக்கம் நின்றன. செய்திக்கு மூலமாயிருந்த ஆயுத வல்லுநர் டேவிட் கெல்லியின் பெயர் வெளியாயிற்று; ஜூலையில் அவர் இறந்து கிடந்தார். 2004 ஜனவரியில் ஹட்டன் பிரபுவின் அறிக்கை பி.பி.சி.யைக் கண்டித்ததும் அதன் தலைவர் கேவின் டேவிஸ், தலைமை இயக்குநர் கிரெக் டைக் இருவரும் விலகினர்.

ஈராக்கில் அந்த ஆயுதங்கள் கண்டெடுக்கப்படவேயில்லை. உளவுத் தகவல்களின் வரம்புகளை அவ்வாவணம் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2004 ஜூலையில் பட்லர் அறிக்கை குறிப்பிட்டது. ஆயினும் ஆவணத்திற்குப் பொறுப்பாயிருந்த உளவுக் குழுவின் தலைவர் ஜான் ஸ்கார்லெட் அதே ஆண்டில் வெளிநாட்டு உளவுத்துறையின் தலைவராக உயர்த்தப்பட்டார். ஒலிபரப்பாளர் ஒரு வாக்கியத்தை உரிய நேரத்தில் திருத்தியிருந்தால், எஞ்சிய ஐயம் அனைத்தும் வலுவோடு நின்றிருக்கும். திருத்த மறுத்ததனால் சிறு பிழையோடு பெரிய உண்மையும் வீழ்ந்தது. போரில் மாண்ட ஈராக்கிய மக்களுக்காகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி அரசை விட்டகன்று ஒலிபரப்பாளரின் மேல் திரும்பிற்று.

மூன்றாவது, 2012. புகழ்பெற்ற நிகழ்ச்சியாளர் ஜிம்மி சவில் 2011 அக்டோபரில் இறந்தார். அவர் சிறார்களுக்கு இழைத்த பாலியல் கொடுமைகளை 'நியூஸ்நைட்' குழு திரட்டியது. டிசம்பரில் அது கைவிடப்பட்டது. அதே வேளையில் அவருக்குப் புகழஞ்சலி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. உண்மையை 2012 அக்டோபரில் உலகறியச் செய்தது போட்டி நிறுவனமான ஐ.டி.வி. அடுத்த மாதமே அதே 'நியூஸ்நைட்', குற்றமற்ற மெக்கால்பைன் பிரபுவின் மேல் பழி விழும்படியான செய்தியை, அவரிடம் ஒரு சொல்லும் கேட்காமல் ஒளிபரப்பியது. பேச வேண்டிய இடத்தில் மௌனம். ஆராய வேண்டிய இடத்தில் அவசரம். ஒளிபரப்புக்கு முன் தமக்கு அதுபற்றித் தெரியாது என்று தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விசில் ஒப்புக்கொண்டு, பதவியேற்ற 54ஆம் நாளில் விலகினார். அவருக்கு வழங்கப்பட்ட தொகை 4,50,000 பவுண்டு; பழி சுமத்தப்பட்டவர் பெற்ற இழப்பீடு 1,85,000 பவுண்டு. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும்.

இவற்றிலிருந்து பாடம் கற்கப்பட்டதா? டொனால்டு டிரம்ப் 2021 ஜனவரி 6 அன்று ஆற்றிய உரையில், ஏறத்தாழ ஒரு மணி நேர இடைவெளியில் பேசிய இரு பகுதிகளை ஒன்றாக ஒட்டி, 2024 அக்டோபரில் 'பனோரமா' காட்டியது. பிழை நிறுவனத்தின் குழுவொன்றில் முன்னரே பேசப்பட்டும், ஏடுகளில் வெளியான பின்னரே பொதுமக்களிடம் மன்னிப்புக் கோரப்பட்டது. தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவின் தலைவர் டெபோரா டர்னெஸும் 2025 நவம்பர் 9 அன்று விலகினர்.

இந்நிகழ்ச்சிகள் அனைத்திலும் முதற்பிழை ஒரு செய்தியாளருடையது அல்லது ஒரு குழுவினுடையது; இரண்டாம் பிழையே தலைமையினுடையது. தலைமையை அளக்க மூன்று கேள்விகள் போதும். பாதிக்கப்பட்டவரிடம் கேட்டனரா? உள்ளிருந்து உண்மை சொன்னவரைக் காத்தனரா? பிழை பரவிய அளவுக்குத் திருத்தமும் பரவியதா? பதவி விலகல் இம்மூன்றில் ஒன்றுக்கும் விடையாகாது. புயலடிக்கும் நேரத்தில் நாற்காலியில் இருந்தவர் போகிறார். புயலை விதைத்தவர் சில வேளைகளில் உயர் பதவிக்கே சென்றுவிடுகிறார்.

எனினும் நடுநிலையோடு ஒன்று கூறவேண்டும். என்ட்விசிலை வாய் திறக்க வைத்தவர் அதே நிறுவனத்தின் வானொலிச் செய்தியாளர் ஜான் ஹம்ஃப்ரிஸ் ஆவார். 'நியூஸ்நைட்' குழு சவில் செய்தியைக் கைவிட்ட கதையை 'பனோரமா'வே ஆராய்ந்து ஒளிபரப்பியது. தன் குறையைத் தானே உரைக்கும் இத்துணிவு, ஆட்சியாளரின் குரலாகவே ஒலிக்கும் நிலையங்களில் காணக்கிடையாதது. இத்துணிவு நிர்வாக அறையிலும் குடியேறும் நாளில்தான் அமானிதம் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டதாகும்.