கைப்பேசி காட்டும் நுரையும் காட்டாத உப்பும்

ஆற்றில் நுரை ஒதுங்கினாலும் ஏரிக்கரையில் குப்பை எரிந்தாலும் கைப்பேசியில் படம் பிடித்துப் புகார் அனுப்புவது இன்று பழக்கமாகிவிட்டது. இந்தப் பழக்கத்தின் பலத்தையும் பலவீனத்தையும் உரசிப் பார்க்க, அரக்கோணம் அடங்கிய ராணிப்பேட்டை மாவட்டமே தக்க இடம். இங்குள்ளவை உள்ளிட்ட தோல் தொழிற்சாலைகளின் கழிவுகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் படங்கள் பேசவில்லை, கணக்குகள் பேசின. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை வேளாண் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறாகப் போய்ப் பார்த்து, 467-இல் 350 கெட்டுவிட்டன என்றது. கேமராக் கைப்பேசி இல்லாத காலத்தில் குடிமக்களே எடுத்த கணக்கு அது.

இன்றைய பழக்கத்தில் குறைவது இந்தப் பொறுமைதான். கண்ணுக்குத் தெரிவதைத்தான் கேமரா பிடிக்கும். தோல் கழிவின் பெரும் கேடோ நீரில் கரைந்த உப்பு. உப்பேறிய கிணற்று நீர் படத்தில் தெளிந்த நீராகவே தெரியும். தோல் கழிவில் வரும் குரோமியமும் அப்படித்தான்: குடிநீரில் அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். அந்த அளவை எந்தப் படமும் சொல்லாது. நுரைக்கு மட்டும் புகார் குவிந்தால், நுரைக்காத நஞ்சு தப்பிவிடும். போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அதில் பதிந்திருந்த இடக்குறிப்பு நீங்கிவிடுகிறது. கைமாறி வந்த படம் எந்த ஊர், எந்த நாள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அப்படியானால் இது வீண் வேலையா? இல்லை. காவேரிப்பாக்கம் ஏரியின் உபரிநீரில் தொடங்கும் கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூரில், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது. படகிலும் வலையிலும் படிந்த கறுப்பைக் காட்டிய படங்களுக்குப் பின் அதை மறைக்க வழியில்லை. அது எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் ஆய்வுதான் சொல்லவேண்டியிருந்தது. படம் பொய்யாக இருக்கலாமே என்பார்கள். படத்தை வைத்தே தண்டித்தால்தான் அந்த அச்சம் பொருந்தும். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து முறையாக எடுத்த கழிவுநீர் மாதிரி மட்டுமே நீதிமன்றத்தில் செல்லும். அதிகாரியை உரிய நேரத்தில் அங்கே வரவழைப்பதே படத்தின் வேலை.

அரசின் வேலையை மக்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்ற மறுப்பு இன்னும் கனமானது. மக்கள் அனுப்புவதற்குப் பதிலே வராதவரை அது உண்மையும்கூட. கழிவு இரவில் திறந்துவிடப்பட்டு, அதிகாரி மூன்று நாள் கழித்து வந்தால் குப்பியில் நல்ல நீர்தான் விழும். ஆகவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு படத்துக்கும் பதிவெண் தரட்டும். புகார் தந்தவர் பெயரைக் காக்கட்டும். மாதிரி எடுத்த நேரத்தையும் முடிவையும் தமிழில் வெளியிடட்டும். அதுவரை, ஊர்க்காரர்களே, ஒரே கிணற்றை, ஒரே இடத்தில் நின்று, மாதந்தோறும் படமெடுத்துத் தேதியோடு எழுதி வையுங்கள். கூடவே கரைந்த உப்பை அளக்கும் சிறு கருவி ஒன்றையும் ஊருக்குப் பொதுவாக வாங்குங்கள்.